இடது பக்கம் திரும்பாத சைக்கிள்

என் மகள் ஸ்கூட்டர் லைசென்ஸுக்காக எட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள். சங்கரன்கோவிலில் இப்போது அதைச் சொல்லிக்கொடுக்கவே ஆள் இருக்கிறார்கள். சாயங்காலம் காலி மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அதன்மேல் ஓட்டச் சொல்கிறார்கள். நான் துணைக்குப் போய் ஓரமாக நிற்பேன். எட்டின் ஒரு வட்டத்தை அவள் அழகாக முடித்துவிடுகிறாள். அடுத்த வட்டத்துக்கு வண்டியை மறுபக்கம் திருப்பும்போது மட்டும் காலை ஊன்றிவிடுகிறாள். முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரித்து எனக்குப் பழக்கமில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் அவள் பார்த்துவிட்டாள்.

"எதுக்கும்மா சிரிக்கே?"

"ஒன் சின்ன ஆச்சியும் இப்படித்தான். பாதி எட்டுதான் போடுவா" என்றேன்.

அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு எப்போதுமே பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

மகளுக்குச் சின்ன ஆச்சி என்றால் எனக்குச் சித்தி, அம்மாவின் தங்கை. நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது நடந்தது இது. அப்பா லாரியில் வேலை பார்த்ததால் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அதனால் அம்மாவும் நானும் தாத்தா வீட்டிலேயே இருந்தோம். அங்கே தாத்தா, மாமா, சித்தி என்று மூன்று பேர். மாமா அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன்.

தாத்தாவுக்குக் கடைத்தெருவில் எண்ணெய்க் கடை. கடைக்குப் பின்னாலேயே செக்கு. ஒரு வயதான வெள்ளை மாடு கண்ணைத் துணியால் மறைத்துக்கொண்டு காலையிலிருந்து அதைச் சுற்றும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். மாடு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என் பக்கத்தில் வரும்போது மெதுவாகும். நான் அதன் கழுத்தைத் தொட்டு ஏதாவது சொல்லுவேன். வீட்டில் யாரிடமும் பேசாததையெல்லாம் அதனிடம் பேசியிருக்கிறேன்.

அந்த வருஷம் சித்திக்குப் பால்வாடி டீச்சர் வேலை கிடைத்தது. பத்தாவது முடித்து நாலைந்து வருஷமாக வீட்டில் இருந்தவள். ஆர்டர் வந்த அன்றிலிருந்து என்னைப் பிடித்து உட்காரவைத்து, கையை ஆட்டி ஆட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற எனக்கு அது பெரிய கேவலமாக இருந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து நானும் கையை ஆட்டினேன்.

வேலை கிடைத்த ஊர்தான் சிக்கலாகிவிட்டது. பனவடலிசத்திரம் போகிற சாலையில் கொஞ்ச தூரம் போய், இடது பக்கம் உள்ளே திரும்ப வேண்டும். பஸ் சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து கரிசல் காட்டு வழியே நடை. சாயங்கால பஸ் வந்து சேர இருட்டிவிடும். தாத்தா நாள் முழுக்க யோசித்துவிட்டு, "வேலை நல்ல வேலைதான். ஆனா எம் பிள்ள இருட்டுல காட்டுப்பாதையில நடந்துவர வேண்டாம். ஆர்டரத் திருப்பி அனுப்பிரு" என்று சொல்லிவிட்டார்.

சித்தி அழவில்லை. அன்றைக்கு எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்காமல் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். கல் பொறுக்கி முடித்த அரிசியை மறுபடியும் புடைத்தாள். அதைப் பார்த்துவிட்டு மாமாதான் தாத்தாவிடம் போனார்.

"சைக்கிள்ல போயிட்டு வெளிச்சத்தோட வந்துட்டாள்னா?"

"அவளுக்கு சைக்கிள் விடத் தெரியுமாலே?"

"நான் பழக்குதேன்."

தாத்தா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆடித்தவசுக்குள்ள தனியா ஓட்டிக் கடை வரைக்கும் வரட்டும். கடைத்தெருக் கூட்டத்துல ஓட்டிட்டாள்னா காட்டுல ஓட்டிருவா. வந்தா வேலைக்குப் போகட்டும்."

மாமாவுக்கு அப்போது வேலை இல்லை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருந்தார். மற்ற நேரத்தில் நூலகத்தில் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பார். வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த அறிவுக்கு இத்தனை நாள் வீட்டில் வேலை இல்லாமல் இருந்தது. அன்று ராத்திரியே ஒரு கரித்துண்டை எடுத்து அடுப்படிச் சுவரில் பயிற்சித் திட்டத்தை எழுதிவிட்டார். மறுநாள் எங்கிருந்தோ ஒரு விசிலும் வந்துவிட்டது.

திட்டம் இதுதான். முதலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும், ஏறவே கூடாது. அது கைக்குப் பழகிய பிறகு, பெடலில் ஒரு காலை வைத்து மறுகாலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். அப்புறம்தான் சீட்டு. மாமா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவார். பிறகு பிடிக்காமலே பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓடுவார். கடைசியில் பாரத்தோடு ஓட்ட வேண்டும். பாரம் நான்.

"இவதான் சரி. சத்தம் போட மாட்டா. பாரம் பயந்து கத்துனா ஓட்டுறவளும் பயந்துருவா" என்றார் மாமா. வாழ்க்கையில் என் பேசாத குணத்தை ஒருவர் தகுதியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாப்பாட்டுத் திட்டமும் இருந்தது. காலையில் ஊறவைத்த கொண்டைக்கடலை. சித்தி அதில் எனக்கு ஒரு பிடி கொடுப்பாள். மீதியில் பாதியை மாமா தின்றுவிடுவார். பின்னால் ஓடுகிறவருக்கும் தெம்பு வேண்டுமாம்.

மாற்றலாகிப் போன ஒரு நர்ஸம்மாவின் லேடீஸ் சைக்கிள் வந்து சேர்ந்தது. அதன் பெல்லை விரலால் அடித்தால் அடிக்காது, பள்ளத்தில் இறங்கினால் தானே அடிக்கும். பஞ்சு ஆலைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் விடிகிற நேரத்தில் பயிற்சி. பொட்டலின் நடுவில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் சுடலைமாடன் பீடம். அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவது என்று மாமா முடிவு செய்திருந்தார். எங்கள் ஊரில் ஆடி மாதம் தவசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் கோயிலுக்குள் சனம் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அம்மன் ஒற்றைக்காலில் தவசு நிற்கிறாள், நாம் சுற்றினால் அவளுடைய கால்வலி குறையும் என்று சொல்வார்கள். சுற்றாமல் இந்த ஊரில் எதுவும் கைகூடாது என்பது மாமாவின் கட்சி.

முதல் நாள் சித்தி சைக்கிளை உருட்டிக்கொண்டு மரம் இடது கைப் பக்கம் வரும்படி கிளம்பினாள். துணைக்கு வந்திருந்த அம்மா பதறிவிட்டாள்.

"ஏட்டி, நில்லு. சாமிய எடஞ்சுத்தாத. மாடன் காலத் தட்டி விட்டுருவான்."

மாமா விசிலை ஊதினார். சாமி எப்போதும் வலது கைப் பக்கம் இருக்கும்படிதான் சுற்ற வேண்டும் என்பது செய்தித்தாளில் வராத விஷயம். இருந்தாலும் அவர் அதை ஒரு நொடியில் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார். "பயிற்சி வலஞ்சுத்தியே நடக்கும்" என்று அறிவித்தார். வீட்டுக்கு வந்ததும் அதையும் சுவரில் எழுதிவிட்டார்.

அப்படியே நடந்தது. உருட்டும்போதும் வலம், ஒற்றைக்காலில் போகும்போதும் வலம். பெடலில் ஒரு காலோடு சித்தி தடுமாறினால், "அம்மனும் ஒத்தக்கால்லதான் நிக்கா. நீயும் நில்லுட்டி" என்று அம்மா தைரியம் சொல்லுவாள். சித்தி விழுந்தாள், எழுந்தாள். ஒருநாள் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்கு நடுவே போய் நின்றாள். ஆடுகளும் நகரவில்லை, அவளும் நகரவில்லை. மாமா விசிலை வாயில் வைத்துக்கொண்டே பின்னால் ஓடியதால் மூச்சு விடும்போதெல்லாம் விசில் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு நாய்கள் ஓடிவரும். நாய்களுக்குப் பயந்து சித்தி வேகமாக மிதிப்பாள். பயிற்சி பலமாக முன்னேறியதற்கு நாய்களும் ஒரு காரணம்.

பாரம் ஏறுகிற நாளும் வந்தது. கேரியரில் உட்கார்ந்து சித்தியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வேப்பமரம் எங்கள் வலது பக்கத்திலேயே நின்றது, நாங்கள் அதைச் சுற்றினோம். காற்று முகத்தில் அடித்தது. சித்தி எனக்குக் கற்றுக்கொடுத்த பால்வாடிப் பாட்டை மூச்சுவாங்கப் பாடினாள். நானும் அவள் முதுகுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பாடினேன். வெளியே கேட்டிருக்காது.

தவசுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தாத்தாவின் பரீட்சை. வழி கஷ்டமில்லை. எங்கள் தெரு நேராகப் போய் ரதவீதியில் சேரும். சேருகிற முக்கில் கோயில் மதில் வலது பக்கம், கடைத்தெரு இடது பக்கம். இடது பக்கம் திரும்பினால் நாலு கடை தள்ளித் தாத்தா கடை. தாத்தா வாசலில் நிற்பார் என்று மாமா சொல்லியிருந்தார். நாங்கள் தெருவைத் தாண்டிய பிறகுதான் மாமா பின்னால் நடந்து வர வேண்டும், தொடவே கூடாது என்பது தாத்தாவின் உத்தரவு.

தெருவில் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்ததால் கண்ணை மூடிக்கொண்டேன். முக்கு வந்தது சித்தியின் இடுப்பிலேயே தெரிந்தது. அவள் உடம்பு இறுகியது. கண்ணைத் திறந்தேன். இடது பக்கம் கடைத்தெரு. தாத்தா வெள்ளை வேட்டியோடு கடை வாசலில் நிற்பது நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் பாத்திரக்கடை அண்ணாச்சி. சித்தி சைக்கிளைத் திருப்பப் பார்த்தாள். ஹேண்டில்பார் கொஞ்சம் இடது பக்கம் போனது, உடனே வண்டி முழுக்க ஆட்டம் கண்டது. சட்டென்று நேராக்கிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் வர மாட்டேங்குட்டி வண்டி" என்றாள் மெதுவாக.

கடைத்தெரு எங்களைத் தாண்டிப் போய்விட்டது. நாங்கள் ரதவீதியில் நேராகப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் பாத்திரக்கடை அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"என்ன வே, ஒம்ம மக நிக்காமப் போறா. மதுரைக்கே போயிருவா போல."

சிரிப்புச் சத்தமும் கேட்டது. சித்தியின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. இறங்கி உருட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் உருட்டிக்கொண்டு போனால் தாத்தா என்ன சொல்லுவார் என்று எனக்கே தெரியும். ஆர்டர் திரும்பிப் போய்விடும்.

சித்தி இறங்கவில்லை. மதில் முடிகிற முக்கில் வலது பக்கம் திரும்பினாள். வண்டி வெண்ணெய் மாதிரி திரும்பியது. அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது போலிருந்தது. வளையல் கடைகளும் சீனி மிட்டாய்க் கடைகளும் பாதி போட்டும் போடாமலும் இருந்தன. பள்ளம் வரும்போதெல்லாம் பெல் தானாக அடித்தது, சனம் வழிவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம், "சைக்கிள்ல சுத்துதாளே, நேர்ச்சை போல" என்றாள். இன்னொருத்தி, "பிள்ளைக்கு ஏதும் சொகமில்லையோ என்னமோ" என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குச் சொகத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மறுத்துச் சொல்லுகிற பழக்கம் எனக்கு அப்போதும் இல்லையே.

மறுபடியும் ஒரு வலது. கோபுரத்தைத் தாண்டும்போது சித்தி ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒற்றைக் கையால் அவள் ஓட்டியது அதுதான் முதல் தடவை. மாமாவின் திட்டத்தில் அது கிடையாது. இன்னும் ஒரு வலது. கோயிலை முழுக்கச் சுற்றிவிட்டோம். இப்போது அதே முக்கு எங்களுக்கு எதிரே வந்தது. கடைத்தெரு நேர் எதிரே, திரும்ப வேண்டிய அவசியமே இல்லாமல் திறந்து கிடந்தது. சித்தி நேராக விட்டாள். தாத்தா கடை வாசலில் பிரேக் பிடித்து, காலை ஊன்றி நின்றாள்.

தாத்தா எங்களைப் பார்த்தார். பிறகு பாத்திரக்கடை அண்ணாச்சியைப் பார்த்து, கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஆடி மாசம் கோயிலை ஒரு சுத்துச் சுத்தாம எம் மக நேரா கடைக்கு வருவாளா வே?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "அது சரி. வளத்த வளப்பு அப்படி" என்றார்.

தாத்தா உள்ளே போய் எள்ளுருண்டை எடுத்துவந்து என் கையில் ஒன்றும் சித்தி கையில் ஒன்றும் வைத்தார். "திங்கக்கிழமை போய் வேலையில சேந்துரு" என்றார். சித்தி எள்ளுருண்டையைக் கடித்துக்கொண்டே அழுதாள். அரிசி புடைத்த அன்றைக்கு வராத அழுகை அது.

அதற்குள் மாமா மூச்சுவாங்க ஓடிவந்தார். எங்களைத் துரத்திக்கொண்டு அவரும் கோயிலைச் சுற்றி வந்திருந்தார். விசில் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. தாத்தா அவரைக் கடைக்குள் கூப்பிட்டார். நானும் மாட்டைப் பார்க்க உள்ளே போனேன். தாத்தா செக்கைப் பார்த்துக்கொண்டு, மாமாவிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஏலே, செக்குல சுத்துன மாட்ட அப்படியே கொண்டுபோய் வண்டியில பூட்டக் கூடாது. அதுக்கு ஒரு பக்கந்தான் தெரியும். ரெண்டு மூணு நாள் மறுபக்கமா நடத்திப் பழக்கிட்டுத்தான் ரோட்டுல விடணும்."

"சரிப்பா" என்றார் மாமா. அவர் முகம் சுருங்கிவிட்டது.

மாடு எதுவும் தெரியாமல் கண்கட்டோடு சுற்றிக்கொண்டிருந்தது. இந்த வயசான மாட்டை வண்டியில் பூட்டி ரோட்டில் விடப் போகிறார்கள். அன்று சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. எல்லாரும் உட்கார்ந்து சித்தியின் வெற்றியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, இருக்கிற தைரியத்தையெல்லாம் கூட்டிச் சொன்னேன்:

"செக்கு மாட்ட வண்டியில பூட்டப் போறாவ. அது பாவம். அதுக்கு ஒரு பக்கந்தான் தெரியும்னு தாத்தாவே சொன்னாவ. மாமாவும் சரின்னுட்டாவ."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா சுவரைப் பார்த்தார். சித்தி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு. அப்புறம் அம்மாவும் சிரிக்க ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே மாமாவின் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

"எல்லாம் ஒன் விசிலால வந்தது."

"எடஞ்சுத்தாதன்னு சொன்னது யாரு? நீதான அக்கா?"

மாட்டைப் பற்றி நான் சொன்னதற்கு இவர்கள் ஏன் விசிலைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கொண்டுவந்த பெரிய செய்தியை யாரும் மதிக்கவில்லை என்று கோபமாகப் படுத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மாமா எங்களைப் பொட்டலுக்குக் கூட்டிப்போகவில்லை. ஊருக்கு வெளியே, மரமோ பீடமோ எதுவும் இல்லாத ஒரு வெட்டவெளிக்குக் கூட்டிப்போனார். நடுவில் ஒரு பழைய டயரைப் போட்டார். "இன்னைக்கு இந்தப் பக்கமா சுத்து" என்று மறுபக்கத்தைக் காட்டினார். சித்தி முதல் நாள் மாதிரியே விழுந்தாள். அம்மா மட்டும் அந்த டயரை ஒரு தடவை சந்தேகத்தோடு உற்றுப் பார்த்தாள். அடுப்படிச் சுவரில் மாமா எழுதியிருந்த "வலஞ்சுத்தி" என்ற வரி மட்டும் அழிந்திருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு மாட்டின் கவலை.

தவசு முடிந்து திங்கட்கிழமை வந்தது. சித்தி விபூதி பூசிக்கொண்டு, டிபன் பாக்ஸைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மாமா வாடகை சைக்கிளில் பின்னால் போனார், விசில் இல்லாமல். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேனே தவிர ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை. மணி அடித்ததும் செக்கடிக்கு ஓடினேன்.

மாடு இருந்தது. வழக்கம்போல் சுற்றிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் வந்ததும் மெதுவானது. அதன் கழுத்தைத் தொட்டுக்கொண்டு நின்றேன். தாத்தா எண்ணெய் அளந்துகொண்டிருந்தார். சற்று முன்புதான் மாமா வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும், தாத்தாவின் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. நான் கிட்டப்போய்க் கேட்டேன்.

"மாட்ட வண்டியில பூட்டலையா தாத்தா?"

தாத்தா அளவையைக் கீழே வைத்தார். மீசைக்குள் சிரித்தார்.

"பூட்டியாச்சு மக்கா. காலையிலேயே பூட்டியாச்சு. திரும்ப வேண்டிய எடத்துல கைய நீட்டி ஜம்முன்னு திரும்பிருச்சாம்."

நான் செக்கைத் திரும்பிப் பார்த்தேன். மாடு கண் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. கையை நீட்டியதாமே, மாட்டுக்கு ஏது கை? தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, எதிரே சுற்றுகிற மாட்டையே மறந்துபோய் என்னென்னவோ பேசுகிறார் என்று தோன்றியது. எனக்கு அவரைப் பார்க்க ரொம்பப் பாவமாக இருந்தது. வீட்டில் சொன்னால் எல்லாரும் வருத்தப்படுவார்கள். அதனால் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.